அடித்தீ

எங்கள் வீட்டுக்கு மைக்ரோவேவ் அவன் வந்து முதல் 4 வருடம் அதில் யாரும் எதையும் சமைக்கவில்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அக்கா பணம் அனுப்ப, மார்த்தாண்டத்துக் கடையிலிருந்து குழித்துறைக்கு ஆட்டோவில் வந்து இறங்கிய சாமான் அது. 28 லிட்டர், கன்வெக்‌ஷன் வகை. அம்மா அதன் தலையில் ஒரு குரோஷா துணியை விரித்து அப்பாவின் போட்டோ, கரண்ட் பில், தைலக் குப்பி எல்லாவற்றையும் வைத்தாள். உள்ளே முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் "இதுல என்னெல்லாம் செய்வீங்க?" என்று கேட்டால் கதவைத் திறந்து முறுக்கு எடுத்துக் கொடுப்பாள்.

"எறும்பு கேறாது, கேட்டியளா" என்பாள். அவ்வளவுதான் அந்த மெஷினைப் பற்றி அம்மாவின் அபிப்பிராயம்.

2022-ல் இடவப்பாதி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. பெங்களூரு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது எனக்கு. மாடி அறையில் மீட்டிங் முடிந்து தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினால் பாதிப் படியிலேயே கேஸ் வாடை. பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, திருகு திறந்தபடி. அம்மா முன் வராந்தாவில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். "என்னமோ நாறுதில்லா மக்கா" என்றாள், நிதானமாக. அந்த மாதத்தில் அது இரண்டாவது தடவை. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்ததும், ஒரே நாளில் இரண்டு முறை மீன் வாங்கியதும் அதற்கு முன்பே நடந்திருந்தன. அதையெல்லாம் சிரிப்பாகத்தான் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. ஆரம்பக் கட்டம், மாத்திரை இருக்கிறது, தனியாக அடுப்பில் விடாதீங்க என்றார்.

நான் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மேலே கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தேன். நான் இறங்கி வந்தால்தான் அடுப்பு எரியும். 45 வருடம் அந்த அடுக்களையை ஆண்டவளுக்கு ஒரு கட்டன் சாயா போட என் மீட்டிங் முடிய வேண்டும்.

"எனக்க அடுப்ப நீ எங்க கொண்டுபோய் வச்ச?"

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் முறுக்கை வெளியே எடுத்தேன். அந்தப் பெட்டியிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம், சொன்ன நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும் என்பது. மறந்துபோனாலும் மூன்று தடவை கூவி அழைக்கும்.

ஆனால் எனக்கே சமைக்கத் தெரியாது. பெங்களூரில் 6 வருடம் மெஸ் சாப்பாடு. அதனால் நான் முதலில் கற்றுக்கொண்டு, பிறகு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று திட்டம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று.

பப்படத்தில் தொடங்கினேன். எண்ணெய் இல்லாமல் முக்கால் நிமிடத்தில் பொரிந்தது. வெற்றி. கூடவே ஒரு பரிசோதனையும் செய்தேன், யாரும் செய்து பார்க்கலாம். சுழலும் தட்டு சுற்றாதபடி செய்துவிட்டு, தட்டு நிறையப் பப்படம் பரப்பி அரை நிமிடம் ஓட்டினால் சில இடம் பொரிந்திருக்கும், சில இடம் பச்சையாகவே கிடக்கும். உள்ளே ஓடும் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். சுவரில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து சில இடங்களில் கூடியும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும். சூடான புள்ளிகளுக்கு நடுவே ஏறக்குறைய அதில் பாதி தூரம். தட்டு சுற்றுவதே இந்த ஓரவஞ்சனையைச் சரிக்கட்டத்தான்.

சோறு பரவாயில்லை, ஆனால் குக்கரைவிட நேரம் அதிகம். சாளை மீன் வைத்தேன். டப் டப்பென்று உள்ளே வெடித்து மூன்று நாள் வாடை போகவில்லை. நான்காம் நாள் சூடாக்கிய பாலிலும் மீன். மரச்சீனிக் கிழங்கைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவைத்து வேகவிட்டேன். அம்மா வந்து பார்த்து தட்டையே பிடுங்கிக்கொண்டாள். "கெழங்கு அவிச்ச வெள்ளத்த வடிச்சுக் களையாம திங்கப்பிடாது. கட்டு உண்டுல்லா அதுல." பிறகு படித்துப் பார்த்தேன். கிழங்கில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து சயனைடு உண்டாகிறது. நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும். முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று அவளுக்குச் சொல்ல வராது. கிழங்கின் விஷம் நினைவிருந்தது.

பாதி சக்தியில் வைத்தால் மெஷின் பாதிச் சூட்டில் ஓடாது. எங்களுடையது போன்ற சாதாரண வகைகளில் முழுச் சக்தியில் சில விநாடி ஓடும், சில விநாடி சும்மா இருக்கும், மறுபடி ஓடும். இதை நான் கையேட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா அடுக்களை வாசலில் நின்று காதால் கண்டுபிடித்தாள். "இது மூச்சு விட்டு மூச்சு விட்டுல்லா வேல செய்யுது."

சாயா வைக்கச் சொல்லிக்கொடுக்க மூன்று வாரம் ஆனது. கண்ணாடி கிளாஸில் தண்ணீர். உள்ளே ஓர் ஈர்க்கில் துண்டு, ஏனென்றால் வழவழப்பான கிளாஸில் தண்ணீர் கொதிக்காமலேயே கொதிநிலையைத் தாண்டிச் சூடாகி, அசைத்ததும் சீறி எழும்; ஒரு குச்சி கிடந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகக் குமிழி விடும். 30 விநாடி பொத்தான்மேல் அக்காவின் பழைய நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி. நான்கு தடவை அமுக்க வேண்டும். கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: "கண்ணாடி மட்டும். ஸ்டீல் வைக்கக் கூடாது." அம்மா அமுக்கும்போது பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஆமென் என்று எண்ணுவாள். நான்கும் சரியாக வரும். மத்தியானம் மூன்று மணிக்குக் கீழே அந்த மெஷின் கூவுவது கேட்டால் எனக்கு மாடியில் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியில்தான் கேக் ஆசை வந்தது.

முதலில் எல்லோரும் செய்கிற ஒன்றரை நிமிட கப் கேக். வெளியே எடுத்தபோது பஞ்சு மாதிரி, ஆறியதும் செருப்பு மாதிரி. நிறமும் வரவில்லை, அவித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. காரணம் எளிது. மைக்ரோவேவ் அலை முக்கியமாகத் தண்ணீரைத்தான் சூடாக்கும். தண்ணீர் இருக்கும்வரை பண்டத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். ரொட்டியும் கேக்கும் சிவந்து மணப்பதற்கு மேற்பரப்பு 140 டிகிரிக்குப் பக்கமாவது போக வேண்டும். சுற்றியிருக்கும் காற்றோ சூடே ஆவதில்லை. இந்தப் பெட்டி பிறந்ததே சமையலுக்காக இல்லை. 1945-ல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் ரேடாருக்கான மேக்னட்ரான் குழாயின் பக்கத்தில் நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியது. பள்ளிப் படிப்பை முடிக்காத மனிதர் அவர். 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ எடை. உருக்குவது அதன் பிறவிக் குணம். சிவக்க வைப்பது அப்புறம் ஹீட்டரும் காற்றாடியும் சேர்த்து நாம் சொல்லிக்கொடுத்தது, அதைத்தான் கன்வெக்‌ஷன் என்கிறோம்.

கப் கேக்கை ஒரு கடி கடித்துவிட்டு அம்மா சொன்னாள்: "இதுக்கு மேல்தீ இல்லல்லா."

அந்த வார்த்தையை வருடக்கணக்காக நான் கேட்டிருக்கவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் கேக் முற்றத்தில் வேகும். பெரிய அலுமினியச் சட்டியில் ஆற்று மணல் போட்டு விறகடுப்பில் ஏற்றி, மணல் சுட்டதும் அதன்மேல் மாவுப் பாத்திரத்தை இறக்கி, தட்டையான மூடி போட்டு, மூடியின்மேல் சிரட்டைக் கனல் அள்ளிப் பரப்புவாள். அடியில் ஒரு பங்கு, மேலே இரண்டு பங்கு. சூடு மேலே ஏறுவது அதன் வழக்கம் என்பதால் அடியில் குறைத்து மேலே கூட்ட வேண்டும். கடிகாரம் கிடையாது. வாசம் வந்தால் பாதி, வாசம் மாறினால் முழுசு.

கேக் என்பது நம் பக்கத்துக்கு வந்ததே இப்படித்தான், அடுப்பைவிட ஆசை முந்திக்கொண்டு. 1883-ல் தலச்சேரியில் பிரௌன் என்கிற தோட்டக்காரத் துரை ஒரு கிறிஸ்மஸ் கேக்கை நீட்டி இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டதும், பர்மாவில் பிஸ்கட் வேலை கற்ற மாம்பள்ளி பாபு ஒரு கொல்லனிடம் போய் அச்சு வார்த்துக்கொண்டு, பிராந்திக்குப் பதில் முந்திரிப்பழமும் கதலியும் ஊறிய நாட்டுச் சரக்கு ஊற்றி முதல் கேக்கைச் சுட்டதாகச் சொல்வார்கள். திருவிதாங்கூரில் இருந்த எங்கள் விளவங்கோட்டுக்கு அந்தக் கேக் எப்போது வந்து சேர்ந்ததோ, எங்கள் வீட்டில் அதற்குக் கதலி இல்லை, மட்டி. விரல் நீளமே உள்ள, குழந்தைக்கு முதல் பழமாகக் கொடுக்கும் மட்டி. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மா, "அதுக்கு முன்ன அது எந்த ஊர்க்காரனாக்கும்?" என்று கேட்டாள்.

அந்த வருட டிசம்பரில் கன்வெக்‌ஷனில் இறங்கினேன். 180 டிகிரி, கருத்த மட்டி ஏழெட்டு, கருப்பட்டி, மைதா, முட்டை, தேங்காய் எண்ணெய். கண்ணாடிக் கிண்ணத்தில் சுட்டபோது மேலே கருகி அடியில் களியாக இருந்தது. அம்மா ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப மேல்தீ கூடிப் போச்சு. அடித்தீ இல்ல. மணலு இட்டியா?" மணல் போட முடியாது. ஆனால் கன்வெக்‌ஷனில் மட்டும் உலோகம் வைக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. அலுமினிய டின் ஒன்று வாங்கினேன். கூடவே இரும்புத் தட்டை உள்ளேயே வைத்து முன்கூட்டிச் சூடாக்கி, அது காய்ந்ததும் அதன்மேல் டின்னை இறக்கினேன். அதுதான் எங்கள் மணல். மூன்றாவது தடவை அடி சிவந்து, ஓரம் லேசாக மொறுமொறுத்து, முற்றத்துக் கேக் வந்தது. அம்மா துண்டைத் திருப்பி அடியைத்தான் முதலில் பார்த்தாள். "கொள்ளாம்." பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள். அடுப்பு யார் எரித்தது என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து மூன்று மணிக்குக் கூவல் கேட்கவில்லை. சட், சட்டென்று வேறு சத்தம். ஓடி இறங்கினேன். பெட்டிக்குள் நீலப் பொறி பறந்துகொண்டிருந்தது. ஸ்டீல் டம்ளர், அதில் ஸ்பூனும். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். பிளக்கைப் பிடுங்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உட்சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும்.

நான் கத்தினேன். கதவில் ஒட்டியிருந்ததை விரலால் குத்திக் காட்டி, எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தினேன்.

"நீ தகரம் வச்ச இல்லா? நான் கண்டேனே. நீ வச்சா ஒண்ணும் செய்யல. நான் வச்சா கத்துதா?"

அவள் மறந்து செய்த காரியமாக இருந்திருந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும். அவள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பார்த்து, நினைவில் வைத்திருந்தாள். கன்வெக்‌ஷன் பொத்தானுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமா என்ன? எளிமையாக இருந்த ஒரு விதியை ஒரு கேக்குக்காகக் குழப்பியவன் நான்.

அக்கா போனில் அழுதாள். பிளக்கையே கழற்றிவை, ஃபிளாஸ்கில் சாயா போட்டு வை என்றாள். இரண்டு நாள் அப்படித்தான் செய்தேன். இரண்டு நாளும் மூன்று மணிக்கு அம்மா வந்து விளக்கு எரியாத பெட்டியின் முன்னால் கிளாஸோடு நின்றாள். சிவப்புப் புள்ளியை நான்கு தடவை அமுக்கினாள். ஃபிளாஸ்க் மேஜையில் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் அடுக்களையில் இருந்த ஸ்டீல் டம்ளர் எல்லாவற்றையும் எடுத்தேன். 31 இருந்தது. பேர் வெட்டினவை, எந்தெந்தக் கல்யாணத்தில் கொடுத்தது என்று அம்மா ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஸ்பூன்களுக்குப் பதில் சிரட்டைக் கரண்டி வந்தது. அலுமினிய டின்னையும் இரும்புத் தட்டையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். அந்த வீட்டில் அந்தப் பெட்டிக்குள் இனி யாரும், எந்தப் பொத்தானிலும், உலோகம் வைப்பதில்லை. பிறகுதான் பிளக்கை மாட்டினேன்.

அதற்கப்புறம் கேக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான். சூட்டை 160-க்கு இறக்கி, நேரத்தைக் கூட்டி, மாவைக் குறைத்து ஊற்றி என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். களி இல்லை இப்போது, ஆனால் அடி வெளுப்புதான். கண்ணாடி அவ்வளவுதான் தரும்.

போன கிறிஸ்மஸுக்கும் சுட்டேன். அம்மா துண்டைத் திருப்பி விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"அடித்தீ இல்லல்லா மக்கா. தகரத்துல வச்சா நல்லா செவக்குமே. உனக்ககிட்ட ஒரு அலுமினிய டின்னு உண்டும்லா?"

பொறி பறந்த நாளும், அவள் காதைப் பொத்தியதும், நான் கத்தியதும் அவளிடம் இல்லை. டின் இருந்தது.

"அது துருப்பிடிச்சுப் போச்சும்மா" என்றேன்.

அம்மா கேக்கை மென்றுகொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அலுமினியம் எப்பளே துருப்பிடிக்கத் தொடங்கிச்சு?"