சுடரைப் பார்த்தனியோ?

மீட்டரில் 280 மில்லிவோல்ட். “என்ன விளங்குது?” என்றார் அண்ணை. 500க்கு மேல் காட்டவேண்டிய தெர்மோபைல் களைத்துவிட்டது என்றேன். “சுடரைப் பாத்தனியோ?” என்று அடுத்த கேள்வி. பார்க்கவில்லை. மீட்டரிலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ட் அது. ஒன்ராறியோவில் ஜி3 சான்றிதழ்க்காரர் தனியாகக் காஸ் வேலை செய்யக்கூடாது. ஜி2 அல்லது ஜி1 உள்ளவரின் மேற்பார்வை வேண்டும். நான் ஜி3, அண்ணை ஜி2. அன்று அவர் கையைக் கட்டிக்கொண்டு படியில் இருப்பார், பைலட் பகுதி முழுவதையும் நானே மாற்றுவேன் என்று பேச்சு.

காஸ் கணப்பின் அடியில் ஓயாமல் எரியும் விரலளவுச் சுடர்தான் பைலட். அதன் ஒரு பக்கம் தெர்மோகப்பிள், மறுபக்கம் தெர்மோபைல். சுடர் அணைந்தால் தெர்மோகப்பிள் குளிர்ந்து, காஸ் தானாக அடைபடும். தெர்மோபைல் அதே சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, பெரிய பர்னரின் வால்வைத் திறக்கும். இரு வேறு உலோகங்கள் சேரும் முனையைச் சூடாக்கினால் நடக்கும் இந்த விந்தையை 1821இல் சீபெக் என்ற அறிவியலாளர் கவனித்தார். சுவர் மின்சாரம் கொஞ்சமும் வேண்டாம். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டபோது, இந்த வீட்டு அம்மா இந்தக் கணப்பின் முன்னால்தான் போர்வை விரித்துப் படுத்தாராம். “கெதியாத் திருத்திவிடு ராசா” என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

குனிந்து பார்த்தேன். சுடர் மஞ்சள் பாய்ந்து சோர்ந்திருந்தது. தெர்மோபைலின் நுனியை அது தொடவேயில்லை. காற்றுத் துளையில் தூசியும் சிலந்தி நூலும். துப்புரவாக்கினாலே மில்லிவோல்ட் ஏறியிருக்கலாம். ஆனால் சுடரைத் திருப்பும் தொப்பி துருவேறி அரித்திருந்தது, தெர்மோபைலின் நுனியும் கருகியிருந்தது. அதனால் முழுதாக மாற்றுவதே சரி.

காஸை அடைத்தோம், சூடு ஆறும்வரை காத்திருந்தோம். கண்ணாடியைக் கழற்றினேன். பீங்கான் விறகுகளைத் தொடுமுன் ஃபோனில் படம் எடுக்கச் சொன்னார் அண்ணை. ஒரு விறகு இடம் மாறினாலும் தீ அதில் மோதிக் கரி படியும். புதிய பகுதியை உறையிலிருந்து எடுத்ததும் அதன் எழுத்தை வாசிக்கச் சொன்னார். புரொப்பேனுக்கான துளை இயற்கை வாயுவுக்கானதைவிடச் சிறியது. இந்த வீட்டுக்கு வருவது இயற்கை வாயு. துளை மாறினால் மற்ற எல்லாம் வீண்.

இரண்டு திருகாணி, அடியில் ஒரு கேஸ்கெற். பழைய கேஸ்கெற்றைத் திரும்பப் போட எனக்கு மனம் வந்தது, நல்லாகத்தான் தெரிந்தது. அண்ணை தலையை ஆட்டினார். எரியும் அறை அடைத்த பெட்டியாக இருக்கவேண்டும், அந்த இடுக்கில் காற்று புகக்கூடாது. அலுமினியக் குழாயைக் கட்டைவிரலில் வைத்து மெல்ல வளைத்தேன். சட்டென்று மடித்தால் நெளிந்து அடைத்துவிடும். தெர்மோகப்பிளின் நட்டுக்கு ஸ்பானரை எடுத்தபோதுதான் அவர் குரல் உயர்ந்தது: “விரலாலை இறுக்கு. பிறகு காற்சுத்து. அதோடை நிப்பாட்டு.”

பைலட்டைக் கொளுத்தி, குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழி மெல்ல ஊதி எழுந்தது. நெஞ்சு திக்கென்றது. காஸை அடைத்துக் கழற்றினால், மூட்டின் வாயில் ஒரு துரும்பு. துடைத்துப் பூட்டி, மறுபடி கொளுத்திப் பூசினேன். குமிழி இல்லை.

காஸ் வால்வின் குமிழை அழுத்தியபடி அரை நிமிடம். விட்டேன்; சுடர் நின்றது. மீட்டரில் 120, 260, 410, நின்று நின்று 540. அண்ணை படியிலிருந்து எழும்பி வந்தார். மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து, நீலச்சுடர் இரண்டு நுனிகளையும் போர்த்தி நிற்பதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, விறகுப் படத்தை ஃபோனில் திறக்கச் சொன்னார்.