தோற்பதும் ஓடுவதும்

காட்பாடிச் சந்திப்பிலிருந்து வடக்கு நோக்கிப் பிரியும் இருப்புப்பாதையில் பாசஞ்சர் வண்டி ஒன்றில் ஏறி அமர்ந்தால், முதலில் வரும் பெரிய ஊர் சித்தூர். பிறகு பாகாலா, சந்திரகிரி ஆகிய நிலையங்களைக் கடந்து திருப்பதியை அடையலாம். காட்பாடியிலிருந்து திருப்பதி வரை ஏறத்தாழ 105 கிலோமீட்டர் தொலைவுதான். இந்தச் சிறு தொலைவுக்குள் நிலையப் பலகைகளில் தமிழ் மறைந்து தெலுங்கு வந்துவிடுகிறது. ஆனால் வண்டிக்குள் நடைபெறும் பேச்சு அவ்வளவு விரைவில் மாறிவிடுவதில்லை. கூடையில் பூக்கொண்டு வரும் மூதாட்டி ஒருவரிடம் தமிழில் விலை சொல்லி, அடுத்தவரிடம் தெலுங்கில் சில்லறை கேட்பார். இரண்டும் அவருக்குத் தாய்மொழியே போல இருக்கும்.

இந்த நாட்டின் வரலாறும் அத்தகையதே. வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகியவற்றின் பகுதிகளைச் சேர்த்து 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இம்மாவட்டம் அதனோடு சேர்ந்தது. எல்லைக்காக ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடிய வரலாற்றை நம் சங்கத்துப் பெரியவர்கள் நன்கறிவார்கள். பின்னர் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு இடம் மாறினாலும், கோட்டின் இருபுறத்தும் உள்ள உறவுகள் மாறவில்லை. சந்திரகிரியில் இன்றும் நிற்கும் கோட்டையைப் பாருங்கள். விஜயநகர மன்னர் மரபின் பிற்காலத் தலைநகரங்களுள் அது ஒன்று. 1639-இல் அந்த மரபுக்கு உட்பட்ட நாயக்கர் ஆங்கிலேயருக்கு அளித்த கடற்கரை நிலத்திலேதான் சென்னைப் பட்டணம் எழுந்தது. ஆகவே சென்னையின்மீது எங்கள் ஊரார் பற்றுக்கொண்டால் அதில் வியப்பில்லை.

அந்தப் பற்று இக்காலத்தில் வெளிப்படும் இடம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அது கிரிக்கெட் ஆட்டம். ஆண்டுதோறும் மார்ச்சு மாதக் கடைசியிலிருந்து மே மாதம் வரை நடைபெறும் ஐ.பி.எல். போட்டிகளில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி எங்கள் ஊர்களில் பலருக்குச் சொந்த அணி. மாநிலத்தைக் கணக்கிட்டால் நாங்கள் ஹைதராபாத் அணியையே கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் திருப்பதியிலிருந்து சென்னை மூன்று மணி நேரப் பயணம். ஹைதராபாத்துக்கு ஓர் இரவு முழுவதும் செல்ல வேண்டும். மருத்துவத்துக்கும் துணி எடுப்பதற்கும் மக்கள் சென்னைக்கே போய் வருகிறார்கள். திருப்பதி நிலையத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, வண்டிகளின் கூட்டத்தைக் கொண்டே இதைச் சொல்ல முடியும்.

ஆட்டம் அறியாத தாய்மார்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போட்டியில் ஒவ்வோர் அணியும் பதினான்கு ஆட்டங்கள் ஆடும். புள்ளிக் கணக்கில் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகளே மேற்சுற்றுக்குச் செல்லும். தொடக்கத்தில் எல்லா அணிகளுக்கும் நம்பிக்கை உண்டு. முடிவில் வென்ற அணியை எல்லாரும் வாழ்த்துவார்கள். நடுவில் ஆறேழு ஆட்டங்கள் முடிந்த நிலையில்தான் சோதனை. அப்போது அணி கீழே கிடந்தால், அதனோடு நிற்பவர் யார், விலகுபவர் யார் என்பது தெரிந்துவிடும். எங்கள் பக்கத்து மாந்தோப்புக்காரருக்கு இது நன்றாக விளங்கும். ஏப்ரலில் காய் மரத்தில்தான் தொங்குகிறது; ஒரு காற்று அடித்தால் பாதி தரையில் விழும். விழுந்ததை எண்ணுவதா, மரத்தில் நிற்பதைக் காப்பதா என்பதே அவர் கவலை.

2010-ஆம் ஆண்டுப் பருவம் அத்தகைய சோதனையாக வந்தது. எனக்கு அப்போது இருபது வயது. பத்தாம் வகுப்புத் தேறி, வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டு, சித்தூர்க் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையின் தொலைக்காட்சி முன் மாலைகளைக் கழித்துவந்தேன். சென்னை அணி முதல் ஆட்டத்தில் ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் அணியிடம் தோற்றது. அடுத்த இரண்டில் வென்றது. பிறகு தொடர்ந்து நான்கு தோல்விகள். அவற்றுள் பஞ்சாபுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் நடந்தது மிகக் கொடியது. இரு அணிகளும் 136 ஓட்டங்களில் சமமாக நின்று, கூடுதலாக வீசிய ஓர் ஓவரில் ஆட்டம் கைநழுவிற்று. தலைவர் தோனி காயமுற்றுச் சில ஆட்டங்களில் ஒதுங்கியிருந்தார். ரெய்னா தலைமை தாங்கினார். ஏழு ஆட்டங்களில் இரண்டே வெற்றி! எஞ்சிய ஏழில் ஐந்தையாவது வெல்ல வேண்டும் என்று தேநீர்க் கடைச் சுவரில் கரியால் கணக்கு எழுதினோம்.

கடைக்காரர் தெலுங்கர், டெக்கான் அணியின் பற்றாளர். நான் உள்ளே நுழைந்ததும், “ஏமய்யா, மீ சென்னை ஓடிப்போயிந்தா?” என்பார். தெலுங்கில் ‘ஓடிப்போவது’ என்றால் தோற்றுப்போவது என்று பொருள். தமிழ்க் காதுக்கோ அது அஞ்சி ஓடிவிட்டது போலக் கேட்கும். “ஐயா, தோற்றது உண்மை, ஓடிப்போகவில்லை” என்று நான் மறுமொழி சொல்வேன். கடையில் உள்ளவர்களுக்கு இரு மொழியும் தெரியுமாதலால் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த ஆண்டு அவருக்கும் ஒரு துன்பம் இருந்தது. தெலங்கானா கிளர்ச்சியின் காரணமாக டெக்கான் அணி தன் சொந்த ஊராகிய ஹைதராபாத்தில் ஆட முடியவில்லை. முந்திய ஆண்டில் கோப்பை வென்ற அணி, நாகபுரியிலும் கட்டக்கிலும் நவி மும்பையிலும் ‘உள்ளூர்’ ஆட்டங்களை ஆடிற்று. “சொந்த வீட்டில் சோறில்லாதவன் போல ஆயிற்று எங்கள் அணி” என்று அவர் ஒருநாள் வருந்திச் சொன்னபோது, என் கேலியெல்லாம் அடங்கிவிட்டது.

பருவத்தின் பின்பாதியில் சென்னை எழுந்தது. ஏப்ரல் 3-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக நம் முரளி விஜய் 56 பந்துகளில் 127 ஓட்டங்கள் குவித்தார். அணி 246 எடுத்தது. எதிரணியும் சளைக்காமல் 223 வரை வந்து தோற்றது. ஆயினும் கடைசி ஆட்டம் வரை கத்திமுனை நடைதான். ஏப்ரல் 18 அன்று தர்மசாலை மலையடிவாரத்தில் பஞ்சாப் 192 ஓட்டங்கள் எடுத்தது. பத்ரிநாத் 53 ஓட்டங்களால் தாங்கிப் பிடிக்க, இறுதி ஓவரில் 16 தேவைப்பட்டபோது தோனி இரண்டு ஆறுகளை அடித்து இரண்டு பந்து மீதமிருக்க முடித்துவைத்தார். சுவரில் எழுதிய கணக்குப்படியே ஏழில் ஐந்து! ஆனால் அதுவும் போதவில்லை. ஏழு வெற்றி பெற்ற அணிகள் நான்கு இருந்தன. ஓட்ட விகிதக் கணக்கில் சென்னையும் பெங்களூரும் மட்டுமே மேலே சென்றன. அரையிறுதியில் எதிர்ப்பட்டது டெக்கான் அணியே. சென்னை 142 எடுத்து, அவர்களை 104-இல் சுருட்டியது. ஏப்ரல் 25 அன்று மும்பையை 22 ஓட்டங்களால் வென்று முதன்முறையாகக் கோப்பையும் பெற்றது. அரையிறுதியன்று கடைக்காரர் எனக்குத் தேநீர் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். “ஈ ரோஜு மேமு ஓடிப்போயாம்” என்றார். இன்று நாங்கள் தோற்றோம் என்பது அதன் பொருள். அவரும் எங்கும் ஓடிவிடவில்லை. 2012-இல் அந்த அணி கலைக்கப்பட்டு வேறோர் அணி வந்தபோது, அதனோடும் நின்றார்.

வீடிழந்த துன்பம் பின்னர் எங்களுக்கும் வந்தது. இரண்டாண்டுத் தடைக்குப் பின் 2018-இல் சென்னை அணி மீண்டும் களம் கண்டது. காவிரிப் போராட்டம் மூண்டிருந்த வேளை. சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. பிறகு உள்ளூர் ஆட்டங்கள் யாவும் புனேக்கு மாற்றப்பட்டன. அப்போது பற்றாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்னும் தனி வண்டியில் சென்னையிலிருந்து புனேக்குப் புறப்பட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் இரயில்வேயில் உழைத்தவர்களும் ஆட்டம் பார்ப்பதற்கென்றே இப்படி ஒரு தனி வண்டி புறப்பட்டதைக் கேட்டு வியந்தார்கள். ஏப்ரல் 20 அன்று அந்த மக்கள் கண்முன் சென்னை அணி ராஜஸ்தானை 64 ஓட்டங்களால் வென்றது. அணி எங்குப் போனாலும் அங்கே ஊரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்! பம்பாயிலும் தில்லியிலும் சங்கம் கண்டு பொங்கல் கொண்டாடும் நம் குடும்பங்கள் செய்வதும் இதுவேயன்றோ?

அந்த ஆண்டு சென்னைக்காக 602 ஓட்டங்கள் குவித்தவர் குண்டூரில் பிறந்த அம்பட்டி ராயுடு. ஹைதராபாத்துக்கு எதிராகவே ஒரு சதமும் அடித்தார். அதேபோல் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் ஹைதராபாத் அணிக்குப் பல ஆண்டுகள் பந்து வீசினார். ஆகவே மஞ்சள் நிறம் முழுதும் தமிழ் என்றும் செம்மஞ்சள் முழுதும் தெலுங்கு என்றும் பிரித்துப் பேச இடமில்லை.

இனி 2025-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். சென்னை முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றது. அதன்பின் ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து இழந்தது. தலைவர் ருதுராஜ் முழங்கைக் காயத்தால் விலக, தோனி மீண்டும் தலைமை ஏற்றார். ஏப்ரல் 11 அன்று கல்கத்தா அணிக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் இருபது ஓவரும் ஆடி 103 ஓட்டங்களே எடுத்தது. லக்னோவில் ஒரு வெற்றி; மீண்டும் தோல்வி. ஏப்ரல் 25 அன்று பட்டியலின் கடைசி இரு இடங்களில் இருந்த சென்னையும் ஹைதராபாத்தும் சேப்பாக்கத்தில் சந்தித்தன.

எங்கள் வீட்டில் அன்று இரு கட்சி. ஒன்பது வயதுள்ள என் மகள் தெலுங்குப் பள்ளியில் படிக்கிறாள். அவள் தோழிகளெல்லாம் ஹைதராபாத் பக்கம். அவளும் அப்படியே. இதில் எனக்குச் சிறிது மனவருத்தம் இருந்தது என்பதை மறைப்பானேன்? தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. அணியும் போய்விட்டால் இனி என்ன எஞ்சும் என்று உள்ளுக்குள் ஓர் அச்சம்.

ஆட்டத்தின் முதற்பந்திலேயே சென்னையின் தொடக்க ஆட்டக்காரர் வெளியேறினார். அவர் குண்டூர் இளைஞர் ஷேக் ரஷீத். மகள் கைதட்ட எழுந்தவள், “அவர் ஆந்திராவா அப்பா?” என்று கேட்டு, கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சென்னை 154 ஓட்டங்களில் முடிந்தது. ஹைதராபாத் ஐந்து விக்கெட்டுகளால் வென்றது. சேப்பாக்கத்தில் சென்னையை அவர்கள் வெல்வது அதுவே முதல் முறை. “அப்பா, சென்னை ஓடிப்போயிந்தி!” என்று அவள் துள்ளினாள். பழைய தேநீர்க் கடையின் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். ஒரே சொல் இங்கே தோல்வியாகவும் அங்கே ஓட்டமாகவும் இருப்பது அவளுக்குப் பெரும் வேடிக்கையாகிவிட்டது. மறுநாள் நான் வாங்கி வந்த தமிழ் நாளிதழைப் பிடுங்கிக்கொண்டு, “இதில் ‘தோற்றது’ என்று எங்கே போட்டிருக்கிறது? காட்டுங்கள்” என்றாள். காட்டினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். சென்னை அணி அந்தப் பருவத்தில் பதினான்கில் நான்கே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. எனவே ‘தோற்றது’ என்னும் சொல்லை அவள் படித்துப் பழக வாய்ப்புக்குக் குறைவில்லை. மே மாதக் கடைசியில் அகமதாபாத்தில் குஜராத்தை 83 ஓட்டங்களால் வீழ்த்தியபோது ‘வென்றது’ என்பதையும் தானாகவே படித்தாள்.

அயலூரில் பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. குழந்தைகள் வளரும் ஊரின் அணியை அவர்கள் விரும்பட்டும். அதைத் தடுக்க வேண்டா. நம் அணியை நாம் எப்படி நேசிக்கிறோம் என்பதை மட்டும் அவர்கள் காணட்டும். வெற்றி நாளில் எவரும் கொடி பிடிப்பர். பருவத்தின் நடுவே, கணக்குப் பொய்த்து, கடைசி இடத்தில் கிடக்கும்போதும் மறுநாள் ஆட்டத்துக்கு நேரத்தோடு வந்து அமர்கிறோமே, அதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். மொழிக்கும் ஊருக்கும் நாம் கொண்டுள்ள பற்று இன்னதென அவர்கள் அதிலிருந்தே அறிந்துகொள்வார்கள்.

திருமலை தரிசனத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் வரும் அன்பர்கள் மாலை வேளையில் எங்கள் கடைத்தெருக்களில் சற்றே நின்று பாருங்கள். எவரேனும் “சென்னை ஓடிப்போயிந்தா?” என்று கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். தோற்றது என்று ஒப்புக்கொள்ளுங்கள்; ஓடவில்லை என்று தமிழில் சொல்லுங்கள். அவர்களுக்கு அது புரியும்.