சேற்றில் ஒரு பங்கு

ஒரு ஜீப்பை மலைக்காட்டுப் பாதைக்குத் தயார்செய்வது என்றால், எங்கள் ஊர்ப் பட்டறைகளில் முதலில் அதன் உயரத்தைக் கூட்டுவார்கள். அடுத்து முரட்டு டயர், முன்னால் இரும்புக் கம்பி, கூரைமேல் விளக்கு வரிசை. தெருவில் நிற்பவர் திரும்பிப் பார்க்கும் வேலைகள்தான் எப்போதும் முதலில் நடக்கும். என் ஜிப்ஸியில் நான் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது. "இதுல என்னத்த மாத்துனீங்க?" என்று கேட்காத ஆண் இல்லை. கேட்கிற பெண்களோ, "தனியாவா ஓட்டிட்டுப் போறீங்க?" என்றுதான் தொடங்குகிறார்கள்.

தனியாகத்தான். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அப்பால், எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. காப்பிக்கு நடுவே மிளகுக் கொடியும் மலைவாழையும். தார்ச்சாலை முடிந்தபின் தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பாதையாக இருப்பதில்லை. காப்பி பழுக்கத் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான். கோடையில் யார் வேண்டுமானாலும் போய்விடலாம். போயே ஆகவேண்டிய காலத்தில்தான் போக முடியாது.

அப்பா இறந்தபின் அண்ணன் சொன்னதெல்லாம் அந்தப் பாதையைப் பற்றித்தான். "நீ காலேஜுல பாடம் எடுக்கறவ. அந்த ரோட்டுல எப்படிப் போய் வருவ? எழுதிக் குடுத்துட்டா நான் பாத்துக்குவேன்." அவர் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. மகளுக்கும் மகனுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதால் அந்த உரிமை மாறாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் சட்டம் பேசாமல் சேற்றைப் பற்றிப் பேசினார். வாடகை ஜீப்பில் போகலாம்தான். ஆனால் அந்த ஜீப் அண்ணனின் போனுக்குத்தான் வரும். அவர் சொன்ன நேரத்தில் திரும்பிவிடும்.

பழைய ஜிப்ஸி ஒன்றை என் சேமிப்பில் வாங்கினேன். 1985 கடைசியில் இந்தியாவில் வந்த வண்டி அது. இராணுவத்தில் நீண்டகாலம் ஓடியது. ஏறத்தாழ ஒரு டன் எடை, நான்கு சக்கரங்களிலும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் முழு ஆக்சில். இழுவை போதாது என்று குறைசொல்பவர்கள் உண்டு. சேற்றில் கனமான வண்டியைவிட லேசான வண்டி நல்லது என்பது என் கட்சி. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கும். அதை லோவுக்குத் தள்ளினால், அதே கியரில் சக்கரத்துக்கு வரும் முறுக்கு விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், வேகம் அதே அளவு குறையும். சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமலே எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும்.

பட்டறைக்குப் போன முதல் நாள் வழக்கமான கேள்வி: "சார் வரலையா?" வண்டி என் பெயரில் இருக்கிறது என்றேன். அவர் ஒரு பட்டியல் சொன்னார். நான்கு அங்குலம் உயர்த்தணும், 31 அங்குல டயர் போடணும், முன்னால் கம்பி வைத்து மின்சார வின்ச் மாட்டணும். ஒவ்வொன்றுக்கும் "எதுக்கு அண்ணே?" என்று கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு, "போட்டா கெத்தா இருக்கும் டீச்சர்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

உயர்த்தினால் என்ன ஆகும் என்று நான் அவருக்குச் சொன்னேன். பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு இதற்குமேல் நல்ல கணக்குக் கிடைக்காது. ஈர்ப்பு மையம் மேலே போகும். எங்கள் பாதையில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று பாதி தூரம் பக்கவாட்டில் சாய்ந்தே போகவேண்டும். உயர்ந்த வண்டி அங்கே உருளத்தான் பார்க்கும். புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி கிராஸ் பேரிங் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸை நீளமாக்காவிட்டால், சக்கரம் குழியில் தொங்கும்போது அது இழுபட்டுப் பிய்ந்துவிடும். பெரிய டயர் போட்டால், லோ கியர் கொடுத்த லாபத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். போட்டிப் பந்தயத்துக்கு வண்டி கட்டுகிறவர்கள் இவை ஒவ்வொன்றுக்கும் ஈடுகட்டும் வேலைகளைத் தெரிந்துதான் செய்கிறார்கள். அதற்கு மேல் சட்டம் வேறு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. தோட்டத்துக்கும் போகவேண்டும், மறுநாள் அதே வண்டியில் கல்லூரிக்கும் போகவேண்டும் என்கிற எனக்கு, பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே வண்டி இருப்பது முக்கியம்.

ஆகவே வேலையை இருக்கையிலிருந்து தொடங்கினோம். சிரிக்காதீர்கள். என் உயரம் 151 சென்டிமீட்டர். கிளட்சை முழுதாக மிதிக்க இடுப்பை நகர்த்தி எக்கவேண்டியிருந்தது. தட்டையான சாலையில் அது அசௌகரியம், பாறைமேல் ஏறும்போது அபாயம். வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்க உலகம் முழுவதும் அதிகம் உட்காரவைக்கப்பட்ட பொம்மை, ஏறத்தாழ 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் கொண்ட ஓர் ஆணின் உருவம். ஒரே மாதிரியான விபத்தில், பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர் கடுமையாகக் காயப்படும் வாய்ப்பு ஆண் ஓட்டுநரைவிட 47 சதவீதம் கூடுதல் என்று 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. பஞ்சு மெத்தை ஒன்றை முதுகுக்குக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. மெத்தை நசுங்கினால் பெல்ட் தளரும். இருக்கை நகரும் தண்டவாளத்தைக் கழற்றித் துருவை நீக்கி, கடைசிப் பல் வரை முன்னால் வரும்படி சரிசெய்தோம். பெல்ட்டைப் புதிதாக மாற்றினோம். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே விடாமல் பழகினேன். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும், உள்ளே இருக்கும் விரல் உடையும்.

அதன்பின் வண்டிக்கு அடியில் படுத்தோம். ஆம், இருவரும்தான். ஆக்சில் நடுவில் குண்டாக இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் சட்டென்று இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தத் துவாரம் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். பற்சக்கர எண்ணெய் மோர் நிறத்துக்கு மாறும். பல நாள் கழித்துப் பேரிங் போனபின்தான் காரணம் தெரியும். துவாரத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் தீர்ந்தது. சில நூறு ரூபாய் வேலை. முன்னும் பின்னும் இழுகொக்கிகளை பம்பரில் இல்லாமல் நேராகச் சேஸிஸில், தரமான போல்ட் போட்டு இறுக்கினோம். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது கயிற்றில் டன் கணக்கில் விசை தேங்கும். வலுவற்ற கொக்கி பிய்ந்தால் அது கவண்கல்லாகப் பறந்து வந்து ஆளைக் கொல்லும். கொன்றும் இருக்கிறது.

செலவே இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பலன்தந்த மாற்றத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், மலையில் வாழைத்தார் லோடு அடிக்கும் வயதான ஜீப் டிரைவர். "காத்தை இறக்குங்கம்மா" என்றார். சாலையில் 26 வைத்திருக்கும் டயரைச் சேற்றுக்கு 16, 18 வரை இறக்கினால், டயர் தரையில் படும் பகுதி நீளும். எடை பரவும், டயர் கல்லை உதைக்காமல் தழுவிக்கொண்டு போகும். அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலையைத் தொடுமுன் மறுபடி நிரப்பியாகவேண்டும். அதற்கு பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன கம்ப்ரசர் போதும். மழை வலுத்தால் மலை டிரைவர்கள் டயரில் இரும்புச் சங்கிலி சுற்றுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அவர்கள் வண்டி ஏறிவிடும், பின்னால் வருகிறவருக்குப் பாதை உழுத வயலாகக் கிடக்கும்.

"பொம்பளைக்கு அந்த பலம் கிடையாது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த வேலையை முழுதாகக் கற்றபின் எனக்கு அது வேடிக்கையாகத்தான் படுகிறது. ஒரு டன் வண்டி ஆக்சில்வரை புதைந்தால் எந்த ஆண் தூக்குவான்? ஆறு பேர் சேர்ந்து தள்ளிக் கூச்சல் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி அசையாது, யாராவது ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நெம்புகோல், கப்பி, சாய்தளம், பற்சக்கரம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற எந்திர லாபம்தான் இது. உடல் பலம் தேவைப்படாமல் செய்வதற்காகத்தான் அவ்வளவு கருவிகளும் வந்தன. கருவியை ஆண்கள் கையில் வைத்துக்கொண்டு, பலம் எங்களுக்கு இல்லை என்றார்கள்.

நான் மின்சார வின்ச் வாங்கவில்லை. மின்கம்பி இழுக்கிறவர்கள் பயன்படுத்தும் கை நெம்பு இழுவை எந்திரம் ஒன்றை வாங்கினேன். எடை அதிகம், மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் முன்பக்கம் பின்பக்கம் எங்கிருந்தும் இழுக்கலாம். ஒரு கார்த்திகையில், எங்களுக்கு முன்னால் போன டிராக்டர் வெட்டிவைத்த தடத்தில் ஜிப்ஸியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. உள்ளே பழம் பறிக்கிற இரண்டு அக்காக்களும் நான்கு மூட்டைக் காப்பியும். கைக்கு எட்டும் தூரத்தில் சில்வர் ஓக் இருந்தது, காற்றுக்கே முறியும் மரம் அது. கொஞ்சம் தள்ளி ஒரு பலா. லாரி பெல்ட்டைப் பட்டை காயப்படாதபடி அகலமாகப் பலாவில் சுற்றினோம். எந்திரத்தையும் அதிலேயே கட்டி, கம்பியை வண்டிக் கொக்கியில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பி மரத்துக்கே கொண்டுவந்தோம். விசை பாதி, தூரம் இரண்டு மடங்கு. கம்பிமேல் ஈரச் சாக்கைப் போட்டோம், அறுந்தாலும் பறக்காமல் கீழே விழுவதற்கு. யாரும் கம்பியைத் தாண்டக்கூடாது என்றேன். மூட்டைகளை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் இருந்த மண்ணை மண்வெட்டியால் சரித்தோம். பிறகு நெம்புகோலை மாற்றி மாற்றி ஆட்டினோம். ஒரு ஆட்டுக்கு வண்டி நகர்வது கண்ணுக்கே தெரியாது. நாற்பது நிமிடம். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கு மூட்டுவலி. வண்டி வெளியே வந்தபோது யாரும் கத்தவில்லை. ஓர் அக்கா வெற்றிலைப் பையை எடுத்தார்.

2001இல் டக்கார் பந்தயத்தை வென்றவர் யூட்டா கிளைன்ஷ்மிட். ஆண் பெண் சேர்ந்த ஒட்டுமொத்தப் போட்டியை அதில் வென்ற ஒரே பெண். சகாராவைத் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, மூன்று நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஜெயித்தார். போட்டியாளர் ஒருவருக்கு விழுந்த தண்டனை நேரத்தால்தான் ஜெயித்தார் என்றே இன்றும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: அவர் இயற்பியல் படித்தவர், வாகன நிறுவனத்தில் ஆய்வுப் பொறியாளராக வேலை பார்த்தவர். தன் வண்டியின் அடிவயிறு அவருக்குத் தெரியும்.

காட்டுக்குள் வண்டியை விட்டுச் சேற்றை வாரி அடித்து விளையாடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. வனத்துறை நிலத்தில் அது குற்றம், ஓடையில் மீன் முட்டையிடும் இடத்தில் செய்தால் பாவம். என் கடுமையான பாதை ஐந்து கிலோமீட்டர்தான், அதன் முடிவில் என் பங்கு இருக்கிறது. போன வருடப் பழத்தை நானே இறக்கிக் கொண்டுவந்து விற்றேன். கணக்கை அண்ணனுக்குக் காட்டினேன். பத்திரத்தைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை. மழை நாளில் தன் மூட்டைகளையும் ஏற்றிவர முடியுமா என்று ஒருமுறை கேட்டார். வாடகை சொன்னேன்.

வெற்றிலை போட்ட அக்காவின் மகள் இப்போது காய்ப்போடும் களத்தில் ஓட்டிப் பழகுகிறாள். லோவில், முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி நடைவேகத்தில் ஊரும்; பழக அதைவிட நல்ல கியர் கிடையாது. எங்கள் இரண்டு பேர் கால்நீளமும் ஒன்று என்பதால் இருக்கையை நகர்த்தவேண்டிய வேலையும் இல்லை. ஐப்பசிக்கு முன் பின் ஆக்சில் சீல் மாற்றவேண்டும். அன்றைக்கு அவளையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.