ஒலிபெருக்கிக்கு ஒரு காவல்

1925ஆம் ஆண்டை இசையன்பர் இரு காரணங்களால் நினைவுகூரலாம். அமெரிக்காவில் றைஸ், கெலொக் என்னும் அறிஞர் இருவர் இன்றைய ஒலிபெருக்கியின் மூலவடிவை வெளியிட்டதும், கொழும்பில் வானொலி முறையாக ஒலிக்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயாம். நாகசுரமும் பண்ணிசையும் மலை கடந்து கண்டி மாநகரை எட்ட அவ்விரண்டுமே வழிவகுத்தன. அவ்வின்பத்தைக் குறைவறத் துய்க்க விழைந்து, இல்லத்தில் பல அம்பிளிபயர்களைக் கொண்ட ஒலித்தொகுதி அமைப்போருள் யாமும் ஒருவரானோம்.

சாதாரண ஒலிப்பெட்டியில் அம்பிளிபயர் ஒன்றே. அது தரும் மின்னோட்டத்தைப் பெட்டியினுள் உள்ள கம்பிச்சுருளும் கொண்டென்சரும் பிரித்து, தாழ்ந்த ஒலியை வூபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் அனுப்பும். புதிய முறையிலோ, கிரொஸ்ஓவர் என்னும் கருவி அம்பிளிபயருக்கு முன்னரே அப்பிரிவினையைச் செய்துவிடும். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தனி அம்பிளிபயர் உண்டு. 1976இல் லிங்விட்ஸ் என்பார் எழுதிய ஆய்வுரை இத்துறைக்குப் பெருந்துணையாயிற்று.

தெளிவு மிகுந்தது, ஆயின் காவல் குறைந்தது. பழைய பெட்டியின் கொண்டென்சர் ஒலியைப் பிரித்ததோடு நேரோட்டத்தையும் தடுத்து ட்வீட்டரைக் காத்து வந்தது. அது நீங்கியபின், மயிரிழை போன்ற சுருளையுடைய ட்வீட்டர் அம்பிளிபயரின் முன் தனித்து நிற்கின்றது.

எம் ஊரில் இஃது அற்ப விடயமன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலைதோறும் இடியும் மின்னலும் எழும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. அந்நாள்களில் கட்டுகஸ்தோட்டையில் வாழும் எம் நண்பர் இல்லத்தில், மின்சாரம் மீண்ட கணத்தில் அம்பிளிபயர்கள் யாவும் ஒருங்கே விழித்தன. 'டும்' என்றோர் ஓசை; அதன்பின் ஒரு ட்வீட்டர் பேசவேயில்லை. செலாவணி நெருக்கடியால் மாற்று உறுப்புப் பெறப் பல மாதங்கள் சென்றன. மறைந்த அவர்தம் தந்தையார் பாடிப் பதிந்துவைத்த தேவாரம் அதுவரையும் கைத்தாளத்தின் கலீரொலி குன்றி மங்கியே ஒலித்தது. அதைக் கேட்டபோதே காவலின் அருமையை யாம் உணர்ந்தோம்.

காவல் மூன்று. முதலாவது, ட்வீட்டருடன் ஒரு கொண்டென்சரைத் தொடராக இணைத்தல். 8 ஓம் ட்வீட்டருக்கு 20 மைக்ரோபரட் அளவினது, நேரோட்டத்தை முற்றாகத் தடுத்து, ஏறத்தாழ 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியையும் தணிக்கும். பிரிவெல்லை 3000 ஹேர்ட்ஸாயின் இசைக்குப் பெரும் ஊறு நேராது. இரண்டாவது, ரிலே. மின்சாரம் வந்து சில விநாடிகள் கழித்தே அது ஒலிபெருக்கியை இணைக்கும்; மின்சாரம் நின்றவுடன் துண்டிக்கும். உருகி ஒன்றை மட்டும் நம்பலாகாது. அஃது உருகுமுன் சுருள் கருகிவிடக்கூடும்.

மூன்றாவது, ஒழுங்கு. கிரொஸ்ஓவர் முதலில் விழிக்க வேண்டும், அம்பிளிபயர் இறுதியில். நிறுத்துகையில் அம்பிளிபயரே முதலில் ஓய வேண்டும். பிந்தி எழுந்து முந்தி உறங்குதல் மாணவர்க்கு ஆகாது. அம்பிளிபயருக்கோ அதுவே நல்லொழுக்கம்!

நம் கல்லூரி இளைஞருள் கருவிகள் சமைக்க விரும்புவோர் பலராவர். அவர்கட்கு யாம் கூறுவது இதுவே: இசையைப் பெருக்குமுன் அதன் மெல்லிய உறுப்புக்குக் காவலிடுக. ட்வீட்டரை மீண்டும் வாங்கலாம். அது வாய்மூடிய நாள்களில் கேளாது போன குரலை எக்கடையிலும் வாங்க இயலாது.