பழைய காரை வாசிப்பது

ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கு நாவில் ஒட்டும் தமிழ்ச்சொல் இன்னும் அமையவில்லை. பந்தயக் கார் என்றால் அது வேறொன்று. சொல் இல்லாததற்குக் காரணம் பொருள் இல்லாததே என்று நினைக்கிறேன். இருவர் மட்டும் அமரக்கூடிய, வேகத்துக்காகவே செய்யப்பட்ட கார் நம் சாலைகளில் என்றும் அரிது. 1990களின் இறுதியில் கோவாவிலிருந்து சான் ஸ்டார்ம் என்றொரு இரு இருக்கைக் கார் கண்ணாடியிழை உடலோடு வந்தது. பெரும்பாலோர் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. நம் நடுத்தர வர்க்கம் ஆசைப்பட்டதெல்லாம் குடும்பக் காரின் உருவத்துக்குள் ஒளிந்திருந்த வேகத்தைத்தான். ஃபோர்டு ஐகான், ஹோண்டா சிட்டி வீடெக், ஃபியட் பாலியோ 1.6, மிட்சுபிஷி லான்சர், 2006-இல் வந்த அதன் அடுத்த தலைமுறையான சீடியா என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றில் ஐகான் மறைமலைநகரிலும் லான்சர் திருவள்ளூரிலும் பிறந்தவை. எங்கள் பகுதிக்காரருக்கு அவை பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்.

எங்கள் பகுதி என்று நான் சொல்வது இருங்காட்டுக்கோட்டையை. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப்பந்தயங்களை நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இங்கே தனக்கென்று ஒரு தடத்தை அமைத்துக்கொண்டது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். பின்னர் ஹூண்டாய் தொழிற்சாலை வந்தது. 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. அதன்பின் உதிரிபாக நிறுவனங்கள் வரிசையாக வந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை ஏரிக்கரைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நிரப்பின. ஒருபுறம் கார் செய்கிறார்கள், மறுபுறம் கார் ஓட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, இரண்டின் ஓசையையும் கேட்டு வளர்ந்தவன் என் அண்ணன் மகன்.

அவனுக்கு இருபத்தாறு வயது. ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் வெல்டிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. நான்கு ஆண்டுகளில் ஷிஃப்டு ஷிஃப்டாகச் சேர்த்த 2,40,000 ரூபாயில் ஒரு பழைய சீடியா வாங்கப்போவதாக அறிவித்தான். இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். தேசிய ராலிப் போட்டிகளில் பல ஆண்டுகள் ஓடிய கார். பள்ளி நாட்களில் தடத்தின் வேலியோரம் நின்று பார்த்ததிலிருந்து அவனுக்குள் உறுமிக்கொண்டிருந்த ஆசை. அவனுடைய ஒப்பந்தமோ அடுத்த ஆண்டோடு முடிகிறது. அண்ணி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்க கூடப் போனா அவன் கேப்பான். பாத்துட்டு, வேணாம்னு சொல்லிக் கூட்டியாந்துடுங்க” என்றார். நான் எந்த வாக்கும் தரவில்லை. போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் காரின் உள்ளுறுப்புகள் தெரியாது. தமிழாசிரியனுக்குத் தெரிந்ததெல்லாம் வாசிப்பதுதான். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றியபோது ஒரே ஓர் ஏட்டை நம்பிவிடவில்லை. பல பிரதிகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார். எந்தப் பிரதியில் எது சிதைந்திருக்கிறது, எந்த இடத்தில் யாரோ இடையில் புகுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் பாடம் கொண்டார். பழைய கார் வாங்குவதும் ஏறத்தாழ இதே காரியம் என்பதை அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்துகொண்டேன். உடன் வந்தவர் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக். அவர் எஞ்சினை வாசிப்பவர், அண்ணன் மகன் உடலை வாசிப்பவன், நான் காகிதங்களை.

பெரியவர் புறப்படுமுன் சொன்ன முதல் பாடம்: காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதன் நோயைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு குலநோய் உண்டு. உலகெங்கும் விரும்பி வாங்கப்படும் மாஸ்டாவின் மியாட்டாவில் கதவுக்குக் கீழேயுள்ள சட்டம் துருப்பிடிக்கும். 1990களின் இறுதியிலிருந்து வந்த போர்ஷே 911 கார்கள் பலவற்றில் எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். நாங்கள் தேடிய காருக்கு நோயைவிட மருந்துதான் பிரச்சினை. மிட்சுபிஷி கார்களின் விற்பனை இந்தியாவில் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கண்ணாடி, முகவிளக்கு, பம்பர் போன்றவை கடைக்குப் போனால் கிடைக்கும் பொருள்கள் அல்ல; தேடிப் பிடிக்க வேண்டியவை. ஆகவே ஒரு விளக்கு உடைந்திருந்தால்கூட அதன் விலையை விசாரித்துவிட்டுத்தான் காரின் விலையைப் பேச வேண்டும்.

முதல் கார் முடிச்சூர்ப் பக்கம். வெள்ளை நிறம். 1,90,000 சொன்னார்கள். உள்ளே நறுமணம் தூக்கலாக இருந்தது. பெரியவர் முன்னிருக்கையில் அமர்ந்து சீட் பெல்ட்டை மெல்ல இழுத்தார். யாரும் இழுக்காத கடைசி முழம் வரைக்கும் இழுத்தார். அங்கே பழுப்பாக ஒரு கோடு. பிறகு இருக்கையின் அடியிலுள்ள போல்ட்டுகளைப் பார்த்தார், துரு. தரைவிரிப்பைத் தூக்கினார், விளிம்பில் வண்டல். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் அதேபோல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு புகுந்த ஊர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையில் எத்தனையோ கார்களை மூழ்கடித்தது. எந்த வெள்ளம் என்று எங்களுக்குத் தெரியாது. நீர் எந்த உயரம் வரை நின்றது என்று தெரிந்துவிட்டது. நீரில் மூழ்கிய கார் அன்றைக்கு ஓடும், மறுமாதமும் ஓடும். வயர்களின் இணைப்புகளுக்குள் பச்சைப் பாசிபோல் களிம்பு ஏறி, ஒருநாள் நெடுஞ்சாலையில் நின்றுவிடும். “எஞ்சின் தண்ணி குடிச்சா பிரிச்சுக் கட்டிடலாம். வயரு தண்ணி குடிச்சா யாரு கட்டுறது?” என்றார் பெரியவர்.

இரண்டாவது கார் எங்களை ஏறக்குறைய வென்றுவிட்டது. காஞ்சிபுரத்துக்கு அருகே ஒரு தோட்டத்தில், சிவப்பு வண்ணத்தில், தாழ்த்திய உடலோடு நின்றது. சைலன்சர் மாற்றப்பட்டு, சாவி திருகியதும் தோட்டத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்தன. அகநானூற்றில் குறுங்குடி மருதனாரின் தலைவன் விரைந்து வீடு திரும்பும்போதும், பூக்களில் துணையோடிருக்கும் வண்டுகள் கலங்காதபடி தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வேகம் அறிந்த மரபுக்குச் சத்தம் தேவைப்படவில்லை. சட்டத்துக்கும் இதில் கருத்துண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து காரை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அண்ணன் மகன் காதில் எதுவும் ஏறவில்லை. அவன் கண்கள் மின்னிக்கொண்டிருந்தன. இந்தக் கார்தான் என்று முடிவு செய்துவிட்டான் எனத் தோன்றியது.

பிறகு அவன் பானெட்டைத் திறந்தான். முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் மேலே வந்து பொருந்தும் இடத்தில் குனிந்து நெடுநேரம் பார்த்தான். கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்து அடியில் பார்த்தான். விரலால் தடவினான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“சித்தப்பா, இங்க பாருங்க. வலப்பக்கம் புள்ளிங்க எல்லாம் ஒரே இடைவெளியில இருக்கு. கம்பெனியில மெஷின் வச்ச ஸ்பாட்டு. இடப்பக்கம் புள்ளியே இல்ல, கோடு கோடா இருக்கு. கையால வெல்டு வச்சு, மேல பட்டி பூசி, பெயின்ட் அடிச்சிருக்காங்க. முன்னாடி பாதி வேற கார்.”

தரைவிரிப்புக்கு அடியில், இருக்கைகளுக்குப் பின்னே, நான்கு மூலைகளிலும் துளைகளை அடைத்த தழும்புகள். பந்தயத்துக்காகப் பாதுகாப்புக் கம்பிக்கூண்டு பொருத்தப்பட்டிருந்த இடங்கள் என்றார் பெரியவர். பந்தயத்தில் ஓடியதோ அடிபட்டதோ குற்றமில்லை. அதைச் சொல்லாமல் ‘டாக்டர் ஓட்டிய வண்டி’ என்று விற்கப் பார்த்ததே குற்றம். கையால் ஒட்டப்பட்ட முன்பாதி, நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான உடல்களில் அதே புள்ளிகளைப் பார்க்கும் பையன் அவன். கார்களை விலைக்கு வாங்குபவர் எவரும் பார்க்காத இடம் அது. நான்கு ஆண்டு ஷிஃப்டு அவனுக்குத் தந்த கல்வியை அன்றுதான் நான் பார்த்தேன். கதவை மூடிவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் பங்கு. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் காரில் பொறிக்கப்பட்ட எண்களோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். கடன் தீர்ந்தது என்று வாய்ச்சொல் போதாது. வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். நிலுவை அபராதங்களை அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். தில்லியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் பத்து ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 2018-இல் உச்சநீதிமன்றம் தடையை உறுதிசெய்த பின், அங்கிருந்து மலிவாகப் பல கார்கள் தெற்கே வந்தன. அவற்றுக்குத் தடையில்லாச் சான்றும் இங்கே கட்டவேண்டிய வரியும் சேர்ந்தால் மலிவு மறைந்துவிடும். தமிழ்நாட்டிலேயே ஓடிய காராக இருந்தாலும் பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக உயர்ந்தது.

மூன்றாவது கார் வாலாஜாபாத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரிடம் இருந்தது. 2007-ஆம் ஆண்டுக் கார். வெள்ளி நிறம் மங்கி, பின்கதவில் ஒரு நசுங்கல். முதல் நாளே தொலைபேசியில், எங்களுக்காக எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. சூடான எஞ்சின் பல நோய்களை மறைக்கும், குளிர்ந்த எஞ்சின் மறைக்காது. புகைக்குழாயின் பின்னே நின்றுகொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை நில்லாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. இதில் சற்று நேரம் ஆவி மட்டும் வந்து அடங்கியது. ஆயில் மூடியின் அடியில் மோர்போல் வெண்மை இல்லை. ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் கியருக்கு இறங்குகையில் மட்டும் லேசாக உரசியது. டயரின் பக்கத்தில் பொறித்திருந்த நான்கு இலக்கங்கள் 1419: 2019-இன் பதினான்காவது வாரம். பூ தேயாமல் இருந்தாலும் வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

உரிமையாளர் ஒரு கோப்பை எடுத்துவந்தார். பதினெட்டு ஆண்டுப் பட்டறை ரசீதுகள், தேதி வாரியாக. மீட்டர் காட்டிய 1,12,000 கிலோமீட்டரும் ரசீதுகளில் எழுதியிருந்த எண்களும் படிப்படியாக ஏறிவந்தன. இத்தகைய கார்களில் மீட்டரைக் குறைப்பது எளிது. இருபது ரசீதுகளைக் குறைப்பது கடினம். நாங்கள் கேட்கும் முன்பே அவர் சொன்னார்: “ரெண்டாவது கியர் உரசும். டைமிங் பெல்ட் மாத்தி ஏழு வருஷம் ஆச்சு. பின்கதவு என் பையன் இடிச்சது.” அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சின் பாழாகிவிடும் என்பதால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் கேட்க வேண்டும் என்றார் பெரியவர். அண்ணன் மகன் பீடிங்கை இழுத்துப் பார்த்தான். பின்கதவைத் தவிர எல்லாப் புள்ளிகளும் சம இடைவெளியில், பிறந்தபடியே இருந்தன.

எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சட்டகத்தையும் சரித்திரத்தையும் பிறகு வாங்க முடியாது. ஆகவே பழைய வேகக் காரில் முதலில் பார்க்க வேண்டியது உடல், அடுத்து காகிதம், அதற்கடுத்து விற்பவரின் பேச்சு. மனம் தானாகவே முதலில் பார்க்கும் வண்ணத்தையும் சத்தத்தையும் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

1,65,000-க்கு முடிந்தது. மீதி 75,000-ஐ அவன் தொடக்கூடாது என்று பெரியவர் ஆணையிட்டார். அதில் முதலில் டைமிங் பெல்ட், பிறகு பிரேக், டயர்கள், பெட்ரோல் குழாய்கள். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பின் செய்யப்பட்ட கார்கள் அதைத் தாங்கும் பொருள்களால் ஆனவை; பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கக்கூடும். இவையெல்லாம் முடிந்தபின் பணம் மிஞ்சினால் தடத்தில் ஒருநாள் ஓட்டிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். தொழிற்சாலை ஒப்பந்தம் முடிந்தால் என்ன செய்வாய் என்று வழியில் கேட்டேன். “வெல்டு பாத்துச் சொல்றதுக்கு நூறு பேரு கூப்பிடுவாங்க சித்தப்பா” என்று சிரித்தான். பாதி விளையாட்டு, பாதி கணக்கு. பெரியவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வா என்றார்.

வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிவரச் சொன்ன அண்ணி வாசலில் நின்று காரைச் சுற்றிப் பார்த்தார். நசுங்கிய பின்கதவைத் தொட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மகனிடம் மட்டும் கேட்டார்: “இதுல அஞ்சு பேரு உக்காரலாமாடா? மாங்காடு கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாம்.”