யானைக்குப் பின்னால் இருந்த காகிதம்

என் பெண்ணின் பிரசவத்துக்கென்று சென்ற வருஷம் மாசி மாதம் அமெரிக்காவுக்குப் போயிருந்தேன். ஒஹையோ மாகாணம். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கண்ணில் முதலில் பட்டது தையல் மெஷினும், அதன் பக்கத்தில் கத்தரித்துக் குவித்திருந்த புதுத் துணிகளுந்தான்.

"யாருக்குடீ இதெல்லாம்?" என்றேன்.

"உள்ளே இருக்கிறவருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

எனக்குத் திக்கென்றது. குழந்தை பூமியில் விழுவதற்கு முன்னால் அதற்கென்று ஒரு முழத் துணி வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பிறந்த பிறகும் பதினோரு நாள் தாத்தாவின் பழைய வேஷ்டிக் கிழிசல்தான். இந்த வழக்கத்தை நானே ஒரு நாவலில் கேலி செய்திருக்கிறேன். வாசகர்களும் ரசித்து எழுதியிருந்தார்கள். ஆனால் அதை எழுதியபோது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் என் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை. அதோடு, இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்று ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அப்போது அவள் சுவருக்கு வர்ணம் பூசித் தொட்டில்கூட வாங்கி வைத்திருந்தாள். அந்தத் தொட்டில் எங்கே போயிற்று என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் தைத்துக்கொண்டிருந்தது ஒட்டுத்துணிப் போர்வை. அந்த ஊரில் குவில்ட் என்கிறார்கள். சதுரத்துக்கு ஒரு மிருகமாக ஒன்பது சதுரம். நரி, முயல், பூனை எல்லாம் ஆகிவிட்டன. யானை பாக்கி.

அதைத் தைக்கிற முறை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. மிருகத்தின் படம் காகிதத்தில் நேர்கோடுகளாக அச்சாகியிருக்கிறது. வளைவே கிடையாது. பூனையின் காது ஒரு முக்கோணம், நரியின் மூஞ்சி நாலைந்து முக்கோணம். உருண்டையாகத் தெரிகிறதென்றால் அது நம் கண் செய்கிற உபகாரம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டிருக்கும். ஒன்றாம் எண் துணியைக் காகிதத்தின் பின்பக்கம், அச்சில்லாத பக்கம், வைக்க வேண்டும். அதன்மேல் இரண்டாம் துணியை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, காகிதத்தைத் திருப்பி, அச்சிட்ட கோட்டின்மேல் தைக்க வேண்டும். பிறகு தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு மிச்சத்தை நறுக்கி, துணியை மலர்த்தி, இஸ்திரி போட்டு, மூன்றாம் எண்ணுக்குப் போக வேண்டும். ஆக, தைக்கிறவளுக்குத் தான் தைக்கிற துணி தெரியாது! கோடுதான் தெரியும். படமும் இடம் வலமாக மாறியிருக்கும். காகிதத்தில் கிழக்கே பார்க்கிற யானை துணியில் மேற்கே பார்க்கும்.

தையல் மிகப் பொடியாக இருக்க வேண்டும். தபால் தலையின் ஓரம்போலக் காகிதத்தில் நெருக்கமாகத் துளை விழுந்தால்தான் கடைசியில் அது சுலபமாகக் கிழிந்து வரும். ஆமாம், இவ்வளவுக்கும் ஆதாரமாக இருக்கும் காகிதத்தைக் கடைசியில் கிழித்து எறிந்துவிடுகிறார்கள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காலையில் என் பெட்டியைத் திறந்தேன். குழந்தையைச் சுற்றுவதற்கென்று சாம்பல் நிற நூல் புடவை ஒன்று கொண்டுபோயிருந்தேன். பத்து வருஷம் உடுத்தி, மல்லாகிப் போனது.

"யானையை இதில் தைக்கலாமே?" என்றேன், சாதாரணமாகச் சொல்வதுபோல. பழைய துணியானால் தோஷமில்லை என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் செய்துகொண்டிருந்தேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நைந்த துணி இழுபடுமே அம்மா" என்றவள், தானே, "பரவாயில்லை, காகிதம் பிடித்துக்கொள்ளும்" என்றாள்.

யானையை நான்தான் தைத்தேன். ஐம்பது வருஷமாக ரவிக்கை தைத்த கை என்ற கர்வம் முதல் மணியிலேயே போயிற்று. தும்பிக்கைக்கு நறுக்கிய துண்டை மலர்த்திப் பார்த்தால் கட்டத்தை மூட ஒரு விரற்கடை குறைந்தது. சாய்வான கட்டங்களுக்குத் தாராளமாக நறுக்க வேண்டுமாம். அந்தப் பொடித் தையலைப் பிரிப்பதற்குள் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்து, பசை நாடா ஒட்டி மறுபடி தைத்தேன்.

நான் தைக்கும்போது அவள் ஒரு படம் காட்டினாள். இங்கிலாந்தில் குவில்ட் தைக்கிறவர்களின் சங்கம் ஒன்று ஒரு பட்டுப் போர்வையைப் பாதுகாத்து வருகிறது. 1718 என்ற வருஷமும் இரண்டு எழுத்துகளும் அதிலேயே தைத்திருக்கின்றன. அதிலும் மிருகங்கள், பறவைகள், பூக்கள். முறை வேறு, காகித அச்சின்மேல் துணியை மடித்து, ஓரங்களைக் கையால் சேர்த்துத் தைத்தது. ஆனால் உள்ளே வைத்த காகிதங்களை எடுக்கவேயில்லை. முந்நூறு வருஷமாக அப்படியே இருக்கின்றன.

"அப்படியானால் நம் யானைக்கும் இப்போது காகிதத்தை எடுக்க வேண்டாம்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"எப்போது எடுப்பது?"

நான் பதில் சொல்லவில்லை. மற்ற எட்டு மிருகங்களுக்கும் காகிதம் கிழித்தாயிற்று. அவள் யானையை மட்டும் மடித்து, என் புடவையின் மிச்சத்தோடு அலமாரியில் வைத்தாள். தொட்டில் இந்தத் தடவை இன்னும் வாங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சித்திரை பிறந்த நாலாம் நாள் விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை பேசினார். பெண் குழந்தை. இருவரும் சௌக்கியம். சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு, அலமாரியைத் திறந்து யானையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காகிதம் அழகாகக் கிழிந்து வந்தது. தும்பிக்கையில், நான் பசை நாடா ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு துணுக்கு வர மறுத்தது. புருவம் பிடுங்குகிற குறடால்கூட இழுத்துப் பார்த்தேன்.

போர்வை ஆனி மாதம் முடிந்தது. ஒரு வயது வரை தொட்டிலில் போர்வையே கூடாது என்பது அந்நாட்டுக் குழந்தை வைத்தியர்களின் உத்தரவு. ஆகையால் அதைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். யானை மேற்கே பார்க்கிறது. தும்பிக்கையை விரலால் அழுத்தினால் உள்ளே சரசரவென்று கேட்கும். குழந்தையைத் தூக்கிக் காட்டினால் அந்த இடத்துக்குத்தான் கையை நீட்டுகிறதாம். நேற்றுப் பேசும்போது சொன்னாள்.