தலையில்லாத கிட்டார்

பட்டணத்து வீடுகளில் வில்லுப்பாட்டு என்றால் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நினைவு வரும். அல்லது 2022-இல் காலமான சுப்பு ஆறுமுகம் அவர்களின் கணீர்க் குரல் நினைவு வரும். வானொலியில் கேட்டுப் பழகிய சமாசாரம். ஆனால் கலைவாணர் பிறந்த ஒழுகினசேரிக்குப் பக்கத்து ஊர்க்காரியான எனக்கு அது கொடையோடு சேர்ந்த விஷயம். கோயில் வாசலில் பாயை விரித்து, மடியில் தம்பி தூங்க, விடிய விடியக் கேட்ட பாட்டு.

அந்த வில்லைக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பத்தடிக்குக் குறையாது. பனையின் வைரம் பாய்ந்த பாகத்தைச் செதுக்கி வளைத்து, முனைகளுக்குப் பூண் போட்டு, தோலை முறுக்கி நாண் கட்டுவார்கள். வளைவில் வரிசையாக வெண்கல மணிகள். நாணை வீசுகோலால் தட்டினால் மணிகளும் சேர்ந்து குலுங்கும். இவ்வளவு பெரிய வில்லுக்குச் சொந்தமாக வயிறு கிடையாது என்பதுதான் வேடிக்கை. மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டினால்தான் நாதம் கனக்கும். குடக்காரர் பாளை மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும் தாளம் வேறு.

கொடையில் கதை வெறும் பொழுதுபோக்கல்ல. தெய்வமாகப் போகிறவர் கதையில் மாளும் கட்டம் வரும்போதுதான் எதிரே நிற்கிறவர்மேல் சாமி வரும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் நம் பக்கத்துக்கு வந்து இதையெல்லாம் கேட்டு, 1988-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்த நடுச்சாமத்தில் நாண் அறுந்தால், அல்லது குடம் விரிசல் விட்டால்? ஊரே காத்துக்கொண்டிருக்கும், பாடுகிறவர் வீட்டுக்கு ஓடி வேறொன்று எடுத்து வர முடியாது. ஊர் ஊராய்ப் போய்ப் பிழைக்கிறவர்களின் வாத்தியம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, கைவிடாமல் இருக்க வேண்டும்.

ஆண்கள்தான் வில்லடிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலிருந்து வந்த பூங்கனி அம்மாள் சிறுமியாக இருந்தபோதே வில்லின் முன் உட்கார்ந்தவர். கணவர் குடம் வாசிக்க, இவர் தலைமையேற்றுப் பாடினார். 2018-இல், எண்பதைக் கடந்த வயதில் காலமானார். பெண்கள் பொழுது சாய்ந்தபின் தெருவில் இறங்குவதே அதிசயமாக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய் இரவு முழுவதும் பாடியவர் அவர்.

இதையெல்லாம் சென்ற கொடையின்போது என்னை நினைக்கவைத்தவன் என் அண்ணன் மகன். சென்னையில் பாட்டுப் பதிவுகளுக்குக் கிட்டார் வாசிக்கிறான். மற்ற நாட்களில் இன்னிசைக் குழுவோடு ஊர் சுற்றுகிறான். ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். பெண் பார்க்கிற சமயம், வீட்டு மாடியில் ஓர் அறை எடுக்கலாம் என்று மைனி கனவு கண்டுகொண்டிருந்தாள். அந்தப் பணத்தை அப்படியே ஒரு ஆசாரியிடம் கொடுத்து, தன் கைக்கு அளவெடுத்து ஒரு கிட்டார் செய்துகொண்டு வந்து நின்றான்.

அதற்குத் தலை இல்லை! பிருடைகள் எல்லாம் அடிப்பக்கம். நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்கர் 1980-களில் பிரபலமாக்கிய மாதிரியாம். நீளம் குறைவு. ரயில் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கலாம்.

"பாத்தியளா இவன் செஞ்ச காரியத்தை? வீடு கெட்டச் சொன்னா முண்டத்தை வாங்கிட்டு வந்து நிக்கான்" என்று மைனி என்னிடம் அழுதாள்.

"அத்தை, நீங்களாவது கேளுங்க" என்று அவன் எனக்குப் பாடம் நடத்தினான். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மின்சாரக் கிட்டாருக்கும் வயிறு கிடையாது, கட்டையான பலகைதான். எஃகுத் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைச் சத்தமாக்குகிறது. 1931-இல் அமெரிக்காவில் உருவான ஆரம்பகால மின்சாரக் கிட்டாருக்கு, வட்டமாய் நீண்ட பிடியோடு இருந்ததால், 'பொரிக்கும் சட்டி' என்றே செல்லப்பெயர். நம் அடுப்பங்கரை இல்லாமல் உலகத்தில் எது நடக்கிறது, சொல்லுங்கள்!

ஒற்றைச் சுருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டாம். டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் அருகில் இருந்தால் அவற்றின் இரைச்சலையும் வாங்கிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகும். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சேர்த்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், தந்தியின் ஒலி மட்டும் நிற்கும். 1955-இல் ஸெத் லவர் என்பவர் செய்த யுக்தி. கொடை மேடைக்குப் பின்னால் எப்போதும் ஜெனரேட்டர்தானே? அதனால் இரண்டு விதமும் இதில் வைக்கச் சொன்னானாம்.

எனக்கு அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. மைனிக்குப் படவில்லை.

எங்கள் ஊர்க் கொடையிலேயே அவன் குழுவுக்குக் கச்சேரி அமைந்தது. சாமிக்கு எதிரே வில்லுப்பாட்டு. தெருக்கோடி மேடையில் பிற்பாடு இன்னிசை. வில்லடிக்க வந்தது எழுபது வயது அம்மாள் ஒருவர். இடைவேளையில் காப்பி கொடுக்க மைனியும் நானும் போனோம். பையன் கிட்டாரோடு பின்னாலேயே வந்தான். அந்த அம்மாள் அதை மடியில் வாங்கித் தந்தியைச் சுண்டிப் பார்த்தார். கொசு பாடுவதுபோல் கேட்டது.

"சத்தத்தைக் காணுமே மக்களே, வயிறு எங்க?"

"அன்னா அந்தப் பெட்டிதான் பாட்டி" என்று ஒலிபெருக்கியைக் காட்டினான்.

"சரிதான், அப்போ அது உனக்குக் குடம். கரண்டு போனா உன் குடம் பேசாது, எங் குடம் பேசும்" என்று சிரித்தார். பிறகு, "என்ன விலை?" என்றார்.

பையன் தாயைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். அந்த அம்மாள் ஆச்சரியப்படவே இல்லை.

"எங்க மாமியா காதுப் பாம்படத்தை வித்துத்தான் இந்த வில்லுக்குப் பூணும் மணியும் போட்டா. எங்க வீட்டுக்காரரு ஒரு மாசம் அவகிட்ட பேசல்ல. நாப்பது வருசமா எல்லாருக்கும் சோறு போட்டது இந்த வில்லுதான்" என்று சொல்லிக்கொண்டே நாணை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, வீசுகோலை எடுத்துக்கொண்டார்.

மைனி பதில் பேசவில்லை. காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் கச்சேரி நடந்தபோதும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பழைய ஜமுக்காளத்தை வெட்டி, உள்ளே தன் நூல் சேலையை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ரயில்ல இடிபடும்லா?" என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.